கிளவுடுக்கு மாறும் முன்: எது அவர்கள் பொறுப்பு, எது நம் தலையில்?

2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. சர்வர் அறையில் இருந்த லித்தியம் அயன் பேட்டரிகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஏற்பட்ட விபத்து. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. அவற்றில் பல பின்னர் மீண்டும் எழுந்தன. ஆனால் அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் எழவே இல்லை. 858 டெராபைட் தரவு. அளவு பெரிது என்ற காரணத்தால் வேறு இடத்தில் அதற்குப் பேக்கப் வைத்திருக்கவில்லை.

சொந்தமாக சர்வர் வைத்துக்கொண்டால் இதுதான் கதி, பெரிய கிளவுட் நிறுவனத்திடம் கொடுத்துவிடுவதே நல்லது என்று பலரும் பேசத் தொடங்கினார்கள். ஒரு மாதம் கூட ஆகவில்லை. அக்டோபர் 20 அன்று அமேசான் வெப் சர்வீசஸின் வட வர்ஜீனியா மையத்தில் கோளாறு. டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவை இணையத்தில் எங்கே இருக்கிறது என்று மற்ற கணினிகளுக்குக் காட்டும் டிஎன்எஸ் முகவரிப் பதிவு தானியங்கி மென்பொருளின் பிழையால் காலியாகிப் போனது. அதில் தொடங்கி ஸ்னாப்சாட், சிக்னல், பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கி என்று வரிசையாகத் தடுமாறின. பார்த்தீர்களா, கிளவுடை நம்பினால் இதுதான் என்று அடுத்த அணி பேசத் தொடங்கியது.

நிறுவனத்தின் கணினிகளை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்குத் தலை சுற்றுவது நியாயமே. ஆனால் இந்த இரண்டு செய்திகளையும் வைத்து கிளவுட் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு எழுத முடியாது. கொரியாவின் ஜி-டிரைவும் ஒரு கிளவுட்தான், அரசு தனக்காகத் தானே கட்டிக்கொண்டது. அங்கே விடுபட்டது ஒரே ஒரு கேள்வி: இரண்டாவது பிரதியை எடுத்து வைப்பது யார் வேலை? கிளவுட் மாற்றத்தைத் திட்டமிடுவதில் பெரும்பகுதி இந்த மாதிரிக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதுவதுதான்.

## அடிப்படை: வாடகைக்கு எடுப்பது எதை?

அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2011-ல் வெளியிட்ட வரையறையைத்தான் உலகம் முழுக்க இன்றும் எடுத்தாள்கிறார்கள். அதன் சாரம் இது: பெரிய அளவில் சேர்த்து வைத்த கணினி வளங்களை, இணையம் வழியாக, தேவைப்படும்போது நாமே எடுத்துக்கொள்கிறோம், வேண்டாதபோது விட்டுவிடுகிறோம், பயன்படுத்திய அளவுக்கு மீட்டர் ஓடுகிறது.

வாடகைக்கு எடுப்பதில் மூன்று அடுக்குகள் உண்டு.

1. கட்டமைப்பு மட்டும் (ஐயாஸ்). வெறும் சர்வர், வட்டு, நெட்வொர்க். அதில் விண்டோஸோ லினக்ஸோ போட்டு ஓட்டுவதும் அப்டேட் செய்வதும் நம் வேலை.
2. தளம் (பாஸ்). தரவுத்தளம் போன்றவற்றை நிறுவி, அப்டேட் செய்து தருவார்கள். அதன் மேல் ஓடும் மென்பொருளும் உள்ளே இருக்கும் தரவும் நம்முடையவை.
3. முழு மென்பொருள் (சாஸ்). மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ, கூகுள் வொர்க்ஸ்பேஸ் போன்றவை. பிரவுசரைத் திறந்து வேலை செய்ய வேண்டியதுதான்.

மேலே போகப் போக நம் வேலை குறையும், பிடியும் குறையும். "நாங்கள் கிளவுடுக்குப் போகிறோம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் எந்த அடுக்குக்கு என்று கேட்க வேண்டும். அது தெரியாமல் செலவையும் கணக்கிட முடியாது, பொறுப்பையும் பிரிக்க முடியாது.

## பொறுப்பின் கோடு

எந்தப் பெரிய கிளவுட் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் புரட்டினாலும் 'பகிர்ந்த பொறுப்பு' என்ற கருத்து இருக்கும். கட்டடம், மின்சாரம், வன்பொருள், அடித்தள மென்பொருள் ஆகியவை அவர்கள் பொறுப்பு. யாருக்கு எந்த அனுமதி, எந்தக் கதவு திறந்திருக்கிறது, தரவின் பிரதி எங்கே இருக்கிறது ஆகியவை வாடிக்கையாளர் பொறுப்பு. சாஸ் வரை போனாலும் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் நம்மிடமேதான் இருக்கும். விற்பனைக் கூட்டங்களில் இதை யாரும் மறைப்பதில்லை. ஒரே ஒரு ஸ்லைடில் காட்டிவிட்டு வேகமாக அடுத்ததுக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கோட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று நிகழ்வுகள் போதும்.

கேபிடல் ஒன், 2019. அமெரிக்க வங்கி. அமேசான் கிளவுடில் இருந்த சுமார் 10.6 கோடிப் பேரின் விவரங்கள் வெளியேறின. தவறாக அமைத்திருந்த ஒரு ஃபயர்வால் வழியாக உள்ளே நுழைந்தவருக்கு, அந்த ஃபயர்வாலுக்குத் தேவையே இல்லாத அளவு கொடுத்திருந்த அனுமதி சேமிப்புக் கிடங்கு வரை வழிவிட்டது. ஒழுங்குமுறை அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது வங்கிக்குத்தான்.

ஓவிஎச், 2021. பிரெஞ்சு கிளவுட் நிறுவனம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மார்ச் 10 அன்று இந்த நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுவதுமாக எரிந்தது. தரவு கிளவுடில் இருப்பதாலேயே பத்திரம் என்று நம்பி வேறு பிரதி எடுக்காதவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். காசு கொடுத்துப் பேக்கப் சேவை வாங்கியிருந்த சிலருக்கும் அதே கதி, ஏனென்றால் அந்தப் பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் இருந்தது.

யூனிசூப்பர், 2024. ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதி, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கூகுள் தரப்பில் ஓர் உள்கருவியில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதால், இவர்களுடைய தனிக் கிளவுட் ஒரு வருடக் கெடு முடிந்ததும் தானாக அழிந்தது. இரண்டு வெவ்வேறு ஊர்களில் பிரதி வைத்திருந்தார்கள். ஆனால் சந்தாவே அழிந்ததால் இரண்டு பிரதிகளும் சேர்ந்து போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப்பும் கைகொடுத்ததால்தான் மீண்டார்கள்.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தவறு முழுக்க கிளவுட் நிறுவனத்தின் பக்கம், அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் சேவை முடங்கிய நாட்களில் பதில் சொல்ல வேண்டியிருந்தது யூனிசூப்பர்தான். உறுப்பினர்களுக்கு கூகுள் யார்? ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் இழப்பீடும் பெரும்பாலும் அடுத்த மாத பில்லில் ஒரு சதவீதக் கழிவாகத்தான் வரும், நம் வியாபார நஷ்டத்தை அது ஈடுகட்டாது. 99.9 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழியையும் இப்படிப் படிக்க வேண்டும்: மாதத்துக்கு 43 நிமிடம் நின்றாலும் அவர்கள் சொல் தவறவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். கிளவுட் கணக்கைத் திறக்கும்போது உருவாகும் முதன்மைக் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது? பல இடங்களில் அதை ஆரம்பித்த ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் ஞாபகம் வரும். நிறுவனத்தின் பெயரில் ஒரு பொது மின்னஞ்சல், இரட்டைச் சரிபார்ப்பு, அந்தச் சாவியைப் பத்திரப்படுத்தும் இரண்டு பேர். திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிடலாம்.

## பட்டியல்தான் பாதி வேலை

நடைமுறைக்கு வருவோம். உதாரணத்துக்கு, 200 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் என்னென்ன கணினி அமைப்புகள் இருக்கின்றன என்று கேட்டால் மருத்துவமனை மென்பொருள், கணக்கு, இமெயில் என்று மூன்றைச் சொல்வார்கள். உள்ளே போய்த் தேடினால் இருபது கிடைக்கும். ரத்தப் பரிசோதனைக் கருவியிலிருந்து முடிவை இழுத்துவரும் சின்ன மென்பொருள். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வர். மருந்தகத்தில் தனியாக ஓடும் பில்லிங். கணக்காளரின் மேஜைக்கடியில் இருக்கும் டாலி கணினி. விரல்ரேகை வருகைப்பதிவு. பழைய விண்டோஸில் மட்டும் வேலை செய்யும் சிடி ஸ்கேன் இணைப்புக் கணினி. எழுதிக்கொடுத்தவர் எங்கே என்றே தெரியாத, ஃபாக்ஸ்புரோ என்ற பழைய மொழியில் எழுதிய நிரல் ஒன்று, ஆனால் சம்பளப் பட்டியல் அதில்தான் போடுகிறார்கள்.

இந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே நிரப்ப வேண்டிய விவரங்கள்:

1. யார் இதன் உரிமையாளர்? ஐடி பிரிவைச் சொல்லக் கூடாது. இது நின்றால் யார் தொலைபேசியில் கத்துவார்களோ அவர்கள்.
2. எதனோடு பேசுகிறது? எந்த அமைப்பிலிருந்து தரவு வருகிறது, எதற்குப் போகிறது?
3. எவ்வளவு நேரம் நின்றால் தாங்கலாம்? அவசர சிகிச்சைப் பதிவுக்குச் சில நிமிடம், வருகைப்பதிவுக்கு ஒரு நாள்.
4. எவ்வளவு தரவை இழந்தால் தாங்கலாம்? நேற்று இரவு எடுத்த பேக்கப் போதுமா, ஐந்து நிமிடத்துக்கு முந்தைய நிலை வேண்டுமா?
5. தரவின் அளவு என்ன, மாதத்துக்கு எவ்வளவு வளர்கிறது?
6. லைசென்ஸ் யாருடையது, கிளவுடில் ஓட்ட அது அனுமதிக்கிறதா?

மூன்றாவதும் நான்காவதும் தொழில்நுட்பக் கேள்விகள் மாதிரித் தெரியும். உண்மையில் அவை நிர்வாகத்தின் கேள்விகள். ஐந்து நிமிட இழப்பு மட்டுமே தாங்குவோம் என்றால் அதற்கு ஒரு விலை, ஒரு நாள் தாங்குவோம் என்றால் வேறு விலை. எல்லாவற்றுக்கும் "நிற்கவே கூடாது" என்று எழுதிக் கொடுப்பவர்கள் பில்லைப் பார்த்த பிறகு மனம் மாறுவார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பேச்சில் கிடைக்கும் பதிலை நம்ப வேண்டாம். நெட்வொர்க்கில் எந்தக் கணினி எதனோடு பேசுகிறது என்று கருவி வைத்துக் குறைந்தது ஒரு மாதம், மாதக் கடைசியும் உள்ளே வருகிற மாதிரி, கவனிக்க வேண்டும். சம்பள நாளில் மட்டும் ஓடும் இணைப்புகள் உண்டு. மார்ச் 31 அன்று மட்டும் விழித்துக்கொள்ளும் நிரல்களும் உண்டு.

இணைப்புகளை அறியாமல் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்தால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்கு. நோயாளி விவரத் திரை ஒன்றைத் திறக்க, மென்பொருள் தரவுத்தளத்திடம் 300 முறை கேள்வி கேட்கிறது என்று வையுங்கள். பழைய மென்பொருள்களில் இது சாதாரணம். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால், கேள்வி ஒன்றுக்கு அரை மில்லிவினாடி, மொத்தம் 0.15 வினாடி. தரவுத்தளத்தை மட்டும் மும்பைக்கு அனுப்பிவிட்டு மென்பொருளை உள்ளூரிலேயே வைத்தால், போய்வர 30 மில்லிவினாடி என்று கொண்டாலும் மொத்தம் 9 வினாடி. புது சர்வர் எவ்வளவு வேகமாக இருந்தாலும், இந்தக் காத்திருப்பு அறுபது மடங்கு கூடிவிடுகிறது. அடிக்கடி பேசிக்கொள்பவற்றைச் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்று சொல்வதன் காரணம் இந்தத் தூரம்தான்.

## ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு

பட்டியல் கைக்கு வந்தபிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆறில் ஒன்றை எழுத வேண்டும்.

1. அப்படியே தூக்கி வைப்பது. இங்கே ஓடும் சர்வரின் நகலை அங்கே ஓட்டுவது. வேகமான வழி. ஆனால் இங்கே இருக்கும் குறைகளும் கூடவே வரும், வாடகையோடு.
2. சிறு மாற்றத்தோடு வைப்பது. உதாரணமாக, மென்பொருளைத் தொடாமல் தரவுத்தளத்தை மட்டும் கிளவுட் நிறுவனமே நிர்வகிக்கும் சேவைக்கு மாற்றுவது. நடுத்தர நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் லாபம்.
3. திருப்பி எழுதுவது. கிளவுடுக்கு ஏற்ற வடிவில் முதலிலிருந்து கட்டுவது.
4. சாஸ் வாங்குவது. சொந்த இமெயில் சர்வரை இன்னும் கட்டிக் காப்பாற்ற எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.
5. மூடிவிடுவது. யாருமே பயன்படுத்தாத அமைப்புகள் எல்லா இடத்திலும் கிடைக்கும்.
6. இருக்கிற இடத்திலேயே விடுவது. அந்த சிடி ஸ்கேன் கணினி எங்கும் போக வேண்டாம்.

திருப்பி எழுதுவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு நெட்ஃபிளிக்ஸ் சாட்சி. 2008 ஆகஸ்டில் அவர்களுடைய தரவுத்தளம் கெட்டுப்போய் மூன்று நாட்கள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதன்பிறகு அமேசான் கிளவுடுக்குப் போக முடிவெடுத்து, இருந்ததை அப்படியே தூக்கி வைக்காமல் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பி எழுதினார்கள். முடிந்தது 2016 ஜனவரியில். ஏழு வருடம், அதுவும் மென்பொருளே பிழைப்பாக இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு! ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் நவீனப்படுத்தித் தருகிறோம் என்று யாராவது வந்து சொன்னால் இந்த ஏழு வருடத்தை நினைத்துக்கொள்ளலாம்.

## தரவு நகரும் வேகம்

மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் 20 டெராபைட் இருக்கின்றன. இணைய இணைப்பின் வேகம் வினாடிக்கு 100 மெகாபிட். வேறு எதற்கும் விடாமல் முழு இணைப்பையும் இதற்கே கொடுத்தாலும் 18 நாட்களுக்கு மேல் ஆகும். நடைமுறையில் பகலில் மற்ற வேலைகளும் ஓட வேண்டும், ஆகவே ஒரு மாதத்தைத் தாண்டும். அதற்குள் புதுப் படங்கள் சேர்ந்திருக்கும். எனவே பழைய தரவை முதலில் மெதுவாக அனுப்பிவிட்டு, கடைசியில் வித்தியாசத்தை மட்டும் அனுப்புவது வழக்கம்.

மாறிய பிறகு இணையம்தான் உயிர்நாடி. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த இரண்டு கேபிளும் தெருவில் ஒரே பள்ளத்தில் போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு ஜேசிபி போதும். பேக்கப் இருக்கும் இடத்துக்கும் இதே விதி. சென்னைக்குள்ளேயே இரண்டு கட்டடங்களில் பிரதி வைப்பது 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் ஒரே இடத்தில் வைத்ததற்குச் சமம்தான்.

## பணக் கணக்கு

சொந்த சர்வர் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெரிய தொகை. கிளவுட் என்றால் மாதாமாதம் பில். கணக்குப் புத்தகத்தில் முதலாவது மூலதனச் செலவு, இரண்டாவது நடப்புச் செலவு. இந்த வித்தியாசத்தை நிதிப் பிரிவோடு முதலிலேயே பேசிவிட வேண்டும், ஏனென்றால் மூலதன ஒதுக்கீட்டுக்குப் பழகிய நிர்வாகக் குழுக்களுக்கு ஏறி இறங்கும் மாத பில் பிடிப்பதில்லை.

கிளவுடில் மிச்சம் வருமா? எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. மாதத்துக்குச் சராசரி 730 மணி நேரம். அலுவலக நேரத்தில் மட்டும், அதாவது தினம் 10 மணி வீதம் 26 நாட்கள், தேவைப்படும் ஒரு சோதனை சர்வர் 260 மணி நேரம் ஓடினால் போதும். மற்ற நேரத்தில் அணைத்து வைத்தால் அந்த சர்வருக்கான மணிநேர வாடகை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நின்றுவிடும் (வட்டுக்கான வாடகை மட்டும் அணைத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும்). ஆளில்லாத வீட்டில் ஏசி ஓடினாலும் ஈபி மீட்டர் சுற்றத்தான் செய்யும், கிளவுட் மீட்டரும் அப்படியே. இரவு பகலாக, வருடம் முழுக்க, ஒரே சுமையோடு ஓடும் சர்வருக்கோ இந்த லாபம் கிடையாது. அதற்கு ஒரு வருடம் அல்லது மூன்று வருடம் இருப்போம் என்று உறுதி கொடுத்துத் தள்ளுபடி வாங்க வேண்டும், அல்லது சொந்தமாக வைத்திருப்பதே மலிவாக இருக்கலாம்.

கோப்புச் சேமிப்புச் சேவை நடத்தும் டிராப்பாக்ஸ் இதைத்தான் செய்தது. தன் சேமிப்பின் பெரும்பகுதியை அமேசானிடமிருந்து சொந்தத் தரவு மையங்களுக்கு மாற்றி, இரண்டு வருடத்தில் செயல்பாட்டுச் செலவில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சம் என்று 2018-ல் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் எழுதியது. 2022-ல் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனமும் இதே கணக்கைச் சொல்லி வெளியேறுவதாக அறிவித்தது, அவர்களுடைய அந்த வருடக் கிளவுட் செலவு 32 லட்சம் டாலர். இந்த இரண்டையும் காட்டிக் கிளவுடே வீண் என்று வாதிடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்த இரண்டு நிறுவனங்களிடமும் சர்வரைக் கரைத்துக் குடித்த பொறியாளர்கள் இருந்தார்கள். இரண்டு ஐடி ஊழியர்கள் மட்டும் இருக்கும் மருத்துவமனைக்கு அது பொருந்தாது.

மதிப்பீட்டில் விடுபட்டுப் போகும் இனங்கள் சில:

- தரவை உள்ளே அனுப்பக் கட்டணம் பெரும்பாலும் இல்லை, வெளியே எடுக்க உண்டு. ஸ்கேன் படங்களைத் தினமும் டாக்டர்கள் திறந்து பார்ப்பதும் 'வெளியே எடுப்பது'தான்.
- மாறும் காலத்தில் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடும். அந்த மாதங்களுக்கு இரட்டைச் செலவு.
- 18 சதவீத ஜிஎஸ்டி. மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் இதை மருத்துவமனை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள முடியாது. சர்வர் வாங்கினாலும் இதே நிலைதான், ஆனால் மாத மதிப்பீட்டில் இதைச் சேர்க்க மறந்துவிடுவார்கள்.
- பல சேவைகளின் விலை டாலரை ஒட்டி நிற்கிறது. ரூபாய் சரிந்தால் பில் ஏறும்.

விலை ஏற்றம் சொந்த சர்வர் பக்கமும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே சர்வரைப் பல சர்வர்களாகப் பிரித்து ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் என்ற நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. கிளவுட் பற்றி யோசிக்காமலே இருந்த பல நிறுவனங்கள் அதற்குப் பிறகுதான் கால்குலேட்டரை எடுத்தன.

## இந்தியாவில் சட்டம் என்ன கேட்கிறது?

தரவை இந்தியாவுக்குள் வைப்பது இப்போது கடினமில்லை. மைக்ரோசாஃப்ட் 2015-லேயே சென்னை, புனே, மும்பையில் மையங்களைத் திறந்துவிட்டது. அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாதும், கூகுளுக்கு மும்பையும் டெல்லியும் உண்டு. அரசு அலுவலகங்களுக்கு மேக்ராஜ் என்ற தனித் திட்டமும், மத்திய மின்னணுத் துறை அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியலும் இருக்கின்றன. ஆனால் எந்த மையம் என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் சில சேவைகள் அமெரிக்க மையத்தில் போய் உட்காரும்.

- டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. தரவைச் சேகரித்தவரே பொறுப்பு, வேறொருவரிடம் கொடுத்துக் கையாளச் செய்தாலும் சரி. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.
- செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு, 2022 ஏப்ரல். கணினித் தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகளில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவேடுகளை (லாக்) 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். பல கிளவுட் சேவைகளில் பதிவேடுகள் அவ்வளவு நாள் தானாகத் தங்குவதில்லை, செட்டிங்கை மாற்ற வேண்டும். சேமிப்புச் செலவும் நம்முடையதே.
- நிறுவனக் கணக்குகள். 2022-ல் திருத்தப்பட்ட விதிப்படி, மின்னணு வடிவில் இருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும்.
- நிதித் துறை. பணப் பரிவர்த்தனைத் தரவை இந்தியாவில் வைக்கச் சொன்ன 2018 உத்தரவும், ஐடி வேலைகளை வெளியே கொடுப்பது பற்றிய 2023 நெறிமுறையும் ரிசர்வ் வங்கியுடையவை. பங்குச் சந்தை சார்ந்தவர்களுக்குச் செபியின் 2023 கிளவுட் நெறிமுறை தனி.

## மாற்றும் நாள்

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில், ஒரு வார இறுதியில், 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை லாயிட்ஸின் பழைய அமைப்பிலிருந்து தன் அப்போதைய தாய் நிறுவனமான சபடெல் கட்டிய புதிய தளத்துக்கு மாற்றியது. இது பொதுக் கிளவுடுக்குப் போன கதை இல்லை, ஆனால் மாற்றும் நாளைப் பற்றி இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர்கள் உள்ளே வரத் தொடங்கியதும் தளம் தாங்கவில்லை. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இயல்பு நிலை திரும்ப டிசம்பர் ஆனது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2022-ல் 4.865 கோடி பவுண்டு அபராதம் வந்தது.

பின்னர் நடந்த சுயேச்சை விசாரணையில் வெளிவந்த ஒரு விவரம் முக்கியமானது. புதிய தளம் இரண்டு தரவு மையங்களில் சேர்ந்து ஓட வேண்டியது. சுமைச் சோதனையை நடத்தியதோ ஒரு மையத்தில் மட்டும். அதோடு எல்லாரையும் ஒரே நாளில் மாற்றுவது என்ற முடிவு வேறு.

ஆகவே நம் திட்டத்தில் இருக்க வேண்டியவை:

1. முதலில் நகர்த்த வேண்டியது பேக்கப்பின் ஒரு பிரதி. மற்ற எதையும் தொடாமலே இன்றைய பெரிய அபாயம் ஒன்று குறையும், கிளவுடும் கைக்குப் பழகும். அடுத்து இமெயில், பிறகு சோதனை அமைப்புகள். நோயாளிப் பதிவு மாதிரியானவை கடைசி.
2. ஒத்திகை. உண்மையான அளவுத் தரவோடு, திங்கட்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்தின் சுமையோடு. ஞாயிறு இரவில் இரண்டு பேர் திறந்து பார்ப்பதைச் சோதனைக் கணக்கில் சேர்க்க முடியாது.
3. ஒரு கிளை, ஒரு பிரிவு என்று பகுதி பகுதியாக மாற்றுவது. முடியாதென்றால் ஏன் முடியாது என்று எழுத்தில் கேட்க வேண்டும்.
4. திரும்பும் நேரம். "காலை 4 மணிக்குள் இன்னின்ன சோதனைகள் தேறாவிட்டால் பழையதுக்கே திரும்புகிறோம்" என்று முன்கூட்டியே எழுதி, அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்றும் எழுத வேண்டும். அந்த நேரத்தில் எல்லோரும் களைத்திருப்பார்கள், இன்னும் அரை மணி நேரம் கொடுங்கள் என்பார்கள்.
5. பழைய சர்வரை உடனே விற்றுவிட வேண்டாம். ஒரு மாதக் கடைசியாவது தாண்டட்டும்.

## வெளியேறும் வழி

உள்ளே போகும் திட்டத்தோடு வெளியே வரும் திட்டத்தையும் எழுத வேண்டும் என்றால் அபசகுனம் மாதிரித் தோன்றும். 2025 ஜூலையில் நயாரா எனர்ஜிக்கு நடந்ததைப் பாருங்கள். குஜராத்தின் வாடினாரில் பெரிய சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நிறுவனம், ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் அதில் பெரிய பங்குதாரர். ஐரோப்பிய ஒன்றியம் அதன் மேல் தடை விதித்ததும் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. மின்னஞ்சல் உட்பட. இந்தியாவில், இந்தியச் சட்டப்படி இயங்கி, ஒழுங்காகக் கட்டணமும் கட்டிய நிறுவனம் அது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், சில நாட்களில் சேவை திரும்பக் கிடைத்தது. தடைப் பட்டியலில் நம் மருத்துவமனை வரப்போவதில்லை. ஆனால் விலை ஏற்றம், சேவையை மூடுவது, கணக்கு முடக்கம் என்று வேறு காரணங்களால் இதே நிலை வரலாம்.

மொத்தமாக வெளியேறுகிறவர்களிடம் தரவை எடுத்துச் செல்லும் கட்டணத்தை வாங்குவதில்லை என்று 2024 தொடக்கத்தில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் அறிவித்துவிட்டன. ஐரோப்பாவில் மாறும் கட்டணத்தையே 2027 ஜனவரியோடு ஒழிக்கும் சட்டமும் இருக்கிறது. ஆகவே இப்போது சிக்க வைப்பது அந்தக் கட்டணம் இல்லை, வடிவம். அந்த நிறுவனத்தின் தனிப்பட்ட தரவுத்தளத்தில் மட்டும் ஓடும்படி மென்பொருளை எழுதிவிட்டால், எடுத்துக்கொண்டு போவதற்கு இடம் இருக்காது. போஸ்ட்கிரெஸ் மாதிரி எங்கும் கிடைக்கும் தரவுத்தளம் ஒன்றில் இருந்தால் ஒரு வாரத்து வேலை.

சாஸ் ஒப்பந்தங்களில் கேட்க வேண்டியவை குறைவு: ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாள் தரவு இருக்கும், எந்த வடிவில் தருவீர்கள், அழித்ததற்குச் சான்று தருவீர்களா. கையெழுத்துப் போடும் முன் கேட்டால் விற்பனைப் பிரதிநிதி ஓடியாடிப் பதில் வாங்கித் தருவார், பின்னால் கேட்டால் டிக்கெட் எண்தான் கிடைக்கும். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தரவை உண்மையிலேயே முழுசாக இறக்கி, வேறொரு கணினியில் திறந்து, ஏதாவது ஒரு பழைய நோயாளியின் பதிவைத் தேடி எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டியவர் ஐடி ஊழியர் இல்லை, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர். எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.